ஒரு சதம்

மொத்தம் நானூற்று முப்பது கிலோமீட்டர், ஐந்து நாள்.
என் பெயரில் எழுதிக்கொடுத்தவர்கள் சேர்த்த தொகை
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்து டாலர்.
அதில் ஐம்பது குகநேசனுடையது.
சொன்னவன் இன்னும் தரவில்லை.

ஸ்காபரோவில் புறப்படுமுன்பே வகுத்துப் பார்த்துவிட்டேன்.
வங்கியில் வேலை செய்கிற கை சும்மா இராது.
கிலோமீட்டருக்கு நாலரை டாலர்.
சக்கரம் ஒருமுறை சுற்றினால்
ஏறக்குறைய ஒரு சதம்.

இந்த நாடே கைவிட்ட காசு அது.
தெருவில் கிடந்தால் குனிய மாட்டோம்.
டயாலிசிஸ் முடிந்து, பஞ்சு ஒட்டிய கையோடு
ஜனவரிப் பனியில் பஸ்ஸுக்கு நிற்பவர்களை
வீட்டில் கொண்டுபோய் விட ஒரு வேன் வாங்கவென்று
அறுபத்திரண்டு பேர்
சதம் சதமாய் மிதித்தோம்.

போர்ட் ஹோப்பில் பள்ளிக்கூடத்து கூடைப்பந்துத் தரையில் படுக்கை.
கோட்டுக்கு வெளியே என் தலை, உள்ளே கால்.
இருட்டில் ரொவீனா ஒரு டப்பாக் களிம்பை நீட்டினாள்:
"எங்கே என்று சொல்ல வேண்டாம்,
எனக்கும் அங்கேதான்."
அறுபத்திரண்டு குறட்டைகளில்
என்னுடையது எது என்று
காலையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மூன்றாம் நாள் கிளெனோராவில் படகு.
சைக்கிள்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்க
சக்கரங்கள் அசையாமலே
கரை மாறினோம்.
அந்தத் தண்ணீரை யார் பெயரில் எழுதுவது
என்று யோசித்தபடி
அவித்த முட்டை ஒன்று தின்றேன்.

நாலாம் நாள் எதிர்க்காற்று.
வழக்கமாய் முதுகைத் தள்ளுகிற காற்றாம்,
அன்றைக்கென்று முகத்தில்.
ஆறு முழுக்கத் தீவுகள் என்றார்கள்.
நான் பார்த்தது என் முன்சக்கரம்,
அதன் கீழே சாம்பல்நிறத் தார்.
செம்மஞ்சள் மேலங்கி போட்ட மர்ரேயின் வேலை
எப்போதும் கடைசியாய் வருவது.
அவருக்கும் பின்னால் நான் போனேன்.
முழங்காலுக்குள் யாரோ கதவைத்
திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள்.
மலோரிடவுனுக்கு முன்னால் ஒரு பால்பண்ணை வாசலில்
இறங்கி நின்றேன்.
மர்ரே ஒன்றும் கேட்கவில்லை, போனை எடுத்தார்.

வேனின் இருக்கை சூடாய் இருந்தது.
யாரோ ஓட்ட, யாரோ கதவைச் சாத்த,
மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன்.
கண்ணாடிக்கு வெளியே நம் ஆட்கள்
குனிந்து குனிந்து போனார்கள்.
ஒருத்தி கையை உயர்த்தினாள்.
நான் செருப்பைப் பார்த்தேன்.
ஓட்டியவருக்கு நன்றி சொல்வதா
மன்னிப்புக் கேட்பதா என்று
பதினொரு கிலோமீட்டரும் தெரியவில்லை.

அன்றிரவு பிராக்வில்லில் கணக்குப் போட்டேன்.
மிதிக்காத பதினொன்றின் விலை
நாற்பத்தொன்பது டாலர் ஐம்பது சதம்.
குகநேசன் தராதது ஐம்பது.
சரியாய்ப் போயிற்று, அரை டாலர் எனக்கே மிச்சம்.
நாலு நாளில் முதல்முறையாய் நன்றாய்த் தூங்கினேன்.

கார்ன்வாலில் கைதட்டினார்கள்.
கழுத்தில் எதையோ மாட்டினார்கள்.
பீட்சாத் துண்டைக் கடித்தபோது
போன் ஒலித்தது:
"அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ, மறந்துபோனன்.
ஐம்பதும் போட்டுவிட்டன்."

அடப் பாவி.

பஸ் ஆறு மணிக்கு.
மணி நாலே கால்.
"எங்கே?" என்றாள் ரொவீனா, வாய் நிறையப் பீட்சாவோடு.
வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.
ஐந்தரை போய் ஐந்தரை வரவேண்டும்.
ஆற்றோரப் பாதையில் ஆட்கள் இல்லை,
முழங்காலுக்குள் அதே கதவு.
தூண்டில் போட்டிருந்த ஒருவன்
முதுகில் குத்தியிருந்த என் எண்ணைக் கண்டு
பின்னாலிருந்து கூப்பிட்டான்,
பாவம், வழி தவறியவள் என்று நினைத்து:
"முடிகிற இடம் அந்தப் பக்கம்!"

தெரியும் என்று கத்திவிட்டு
இந்தப் பக்கமே மிதித்தேன்.